ஒன்பதாவது சோடிச் செருப்பு

போடிங் வீடு நடத்துகிறவன் காலையில் கேட்கக் கூடாத சத்தம், கேற்றுக்கு வெளியே மாநகர சபை அதிகாரியின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம். வாயில் பற்பசை நுரையோடு நான் கிணற்றடியில் நிற்கும்போது அது கேட்டது. கொப்பளிக்கக்கூட நேரமில்லை, ஆள் உள்ளே வந்துவிட்டார்.

செருப்பு

வந்தவர் பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர். நுளம்பு, கிணறு, சாப்பாட்டுக் கடை என்று பார்த்துக்கொண்டு திரிந்த மனிதரின் தலையில் இப்போது போடிங் வீடுகளையும் கட்டிவிட்டிருக்கிறார்கள். அன்னிய ஆட்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிற எல்லாரும் இனி லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஒரு கக்கூசுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. ஒவ்வோர் அறைக்கும் திறக்கிற யன்னல் வேண்டும். வீட்டோடு தங்கியிருக்கிற ஒரு பொறுப்பாளர் வேண்டும். போடிங் வைத்திருக்கிற உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள், நீங்களும் என்னைப்போல வாயில் நுரையோடு நின்றிருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் இரண்டு. "எத்தன பேர் தம்பி?" என்று கேட்டார். "எட்டு" என்றேன். போடிங்காரர் ஏழு பேர், அவர்களைப் பார்த்துக்கொள்கிற நான் ஒரு ஆள். குசினிப் பக்கம் மூடிக் கிடந்த சின்ன அறையை விட்டுவிட்டு, அறை அறையாகப் போய்க் கட்டிலை எண்ணினார். எட்டுத்தான். எனக்குச் சந்தோசம், அப்போதுதான் வாயைக் கழுவினேன். அவர் திரும்பி வந்து வாசல் படியில் நின்று கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"கட்டில் எட்டு, சரி. செருப்பு ஒன்பது சோடி கிடக்கே தம்பி. மற்றவர் என்ன, செருப்ப மட்டும் அனுப்பி வெச்சிருக்காரா?"

எண்ணாத ஆள்

நான் பொய் சொல்லவில்லை. ஒன்பதாவது சோடி, சீமெந்து காய்ந்து ஒட்டி, ஒரு வாரைக் கம்பியால் கட்டின சோடி, மாமாவுடையது. மாமாவை நான் எண்ணவில்லை, அவ்வளவுதான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் தூணையும் சுவரையும் சேர்த்தா எண்ணுவோம்?

மாமா என் உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். மேசன். மாமி சீதனமாகக் கொண்டுவந்த பழைய ஓட்டு வீட்டை இடித்து, ஒரே மகளுக்காகத் தன் கையாலேயே இந்தக் கல் வீட்டைக் கட்டினார். கட்டி, மகளுக்கே எழுதிக் கொடுத்தார். மகள், அதாவது என் றிஸ்னா மச்சி, புருசன் பிள்ளைகளோடு கட்டாருக்குப் போய்விட்டார். மாமி மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். அறைகள் சும்மா கிடந்தன. கல்முனையில் வேலைக்கு வந்து தங்க இடம் தேடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் மச்சி வீட்டைப் போடிங்காக்கினார். மாமா குசினிக்குப் பக்கத்தில், நெல் மூட்டை வைக்கக் கட்டின சின்ன அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். ஓலெவல் பரீட்சையில் கணிதம் என்னைக் கைவிட்டது, நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். அதனால் மச்சி என்னைப் பொறுப்புக்குப் போட்டார்.

சத்தம் கேட்டு மாமா கதவைத் திறந்து வந்தார். அதிகாரியைக் கண்டதும் "பிளேன்டீ குடிக்காம போக ஏலா" என்று சொல்லிக் குசினிக்குள் போனார். அந்த இடைவெளியில்தான் பி.எச்.ஐ. எனக்கு விளக்கினார். உரிமையாளர் வீட்டில் இருந்தால் அவரும் அவரோடு இருக்கிற குடும்பமும் கணக்கில் வரமாட்டார்கள். வேறு யார் தங்கினாலும் கணக்கில் வருவார்கள். எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. மூன்றாவது கக்கூஸ் இருக்க வேண்டும், அல்லது ஒரு ஆள் குறைய வேண்டும். "கட்டினவரே அவர்தானே சேர்!" என்று கத்தினேன். அவர் குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாக் கத தம்பி. மகள் இங்க இருந்தா அவர் வாப்பா. மகள் கட்டாரில எண்டா, சட்டத்துக்கு அவரும் ஒரு போடிங்காரர்தான்."

கதவு போடுகிற நாள்

லைசன்ஸ் கிடைத்தால் வாசலில் ஒரு பலகை தொங்க வேண்டும், அதில் உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னேரம் கதை வந்தது. மொனராகலையிலிருந்து வந்து இங்கே வங்கியில் வேலை செய்கிற உபுல், வந்த புதிதில் "ஓம்" மட்டும் தெரிந்தவர். இப்போது தமிழில் கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். "மாமா, ஊடு கட்டின நீங்க. பலகையில என்னத்துக்கு மகள் பேர்?" என்று கேட்டார். மாமா விளக்கினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்கு வருவார். பிறகு தனக்கு மகள் பிறந்தால் அவளுக்கொரு வீடு கட்டுவார்.

உபுல் நன்றாக யோசித்துவிட்டு, "அப்ப ஆம்புள மனுசன்ட ஊடு எங்க?" என்று கேட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் விசயம் தெரிந்தவன் நான் மட்டும்தானே. மாமாவும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"கட்டுற வரைக்கும் நம்மட ஊடுதான் மனே. சாந்து பூசக்குள்ளயும் நம்மடதான். கடைசியா வாசல் கதவு போடுவம் பாரு, அண்டைக்குத்தான் புள்ளட ஊடாகும்."

உயரத்தில் ஒரு யன்னல்

யோகநாதன் சேர் ஹற்றனிலிருந்து வந்து இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். அவருடைய அறையில் முன்பு யன்னல் இருந்தது. பக்கத்து வளவில் சுபைதா சாச்சியின் கிணறு. மச்சி அந்த அறையில் இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. ஆம்பிளைகள் தங்க வந்த அன்றைக்கே மாமா கல் வைத்து யன்னலை அடைத்துவிட்டார். பெண்கள் குளிக்கிற இடத்தைப் பார்த்து ஆம்பிளைகளின் யன்னல் திறந்திருக்கலாமா? இப்போது பி.எச்.ஐ. "திற" என்கிறார், சாச்சி "திறந்தா கல்லால எறிவன்" என்கிறார். "நான் கண்ணாடி போடாட்டி எனக்குக் கெணறே தெரியாதுங்க" என்று சேர் பரிதாபமாகச் சொன்னார். அது சாச்சிக்குப் போதவில்லை.

மாமா ஒருவரோடும் கதைக்காமல் சாரக்கட்டு அடித்து ஏறினார். கூரைக்குக் கீழே, ஒரு ஆள் எட்ட முடியாத உயரத்தில், நீளமாக ஒரு யன்னலை வெட்டித் திறந்தார். வெளிச்சம் வந்தது, காற்று வந்தது, கிணறு வரவில்லை. பி.எச்.ஐ. தலையாட்டினார். சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே அறைக்குள் வந்தார். அண்ணாந்து யன்னலைப் பார்த்தார், பிறகு தென்னை மாதிரி வளர்ந்திருந்த சேரைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தார்.

"எல்லாம் சரி. சேர் கதிரையில ஏறி நிண்டு மேலால என்னமும் எடுக்கிறெண்டா, முதல்ல ஒரு சத்தம் போடச் சொல்லுங்க."

கட்டாரிலிருந்து வந்த குரல்

நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். எங்கள் போடிங்காரரில் ஒருவரான, பிஸ்கட் கொம்பனி விற்பனை றெப் பைரூஸ் நாநாவின் காலுறை நாற்றம் ஹோலைத் தாண்டி வந்தபோது, எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான்தான் "நாநா, அத கேற்றடியில கழட்டிட்டு வாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவரும் சந்தோசம், நாங்களும் சந்தோசம். இதனால் எங்கள் குடும்பத்தில் ஒருத்தரிடம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் எல்லாருக்கும் என் ஞாபகம் வரும்.

நான் விசயத்தை அனுப்பியதும் மச்சியின் புருசன், என் மச்சான், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. மாமாவுக்கு மருந்தும் உடுக்கச் சாரமும் மறக்காமல் அனுப்புகிறவர். "வாடக தாற ஆள அனுப்ப ஏலா. லைசன்ஸ் இல்லாட்டி ஊட்டப் பூட்டணும். மாமாவ உங்கட ஊட்ட கூட்டிட்டுப் போ. அவர்ட தங்கச்சி ஊடுதானே, அன்னியமா? பொறகு பாப்பம்" என்றார். உம்மா சந்தோசமாகத்தான் ஏற்றுக்கொள்வார். ஆனால் எங்கள் ஊரில் மகளைப் பெற்ற ஒரு ஆம்பிளை பையோடு தங்கச்சி வீட்டுக்கு வந்தால், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மகள் வைத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற மாமா, அதற்குப் பிறகு பின் வரிசையில்தான் நிற்பார். எனக்கு அவரைத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மச்சியின் குரலும் வந்தது. முதலில் பிள்ளை விளையாடுகிற சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அஸாம், நீ எல்லார்ட மூஞ்சிக்கும் நேர சொல்லுவாய்தானே. எனக்கு ஏலாடா. நீயே வாப்பாக்கிட்ட சொல்லு."

சாச்சியின் யோசனை

அந்தப் பதிவை நான் கிணற்றடியில் நின்று சத்தமாகப் போட்டுக் கேட்டது என் மடத்தனம். நிமிர்ந்து பார்த்தால் மதிலுக்கு மேலே சுபைதா சாச்சியின் தலை. "அல்லாவுக்காக மாமாக்கிட்டச் சொல்லிராதீங்க சாச்சி" என்று கெஞ்சினேன். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். பண்ணிவிட்டு, தனக்கு ஒரு யோசனை இருக்கிறது என்றார். மருதமுனையில் ஒரு விதவைப் பெண், நல்ல குணம், தறி இருக்கிறது, முக்கியமாக மூன்று அறை வீடு இருக்கிறது. கலியாணத்தை முடித்துவிட்டால் மாமாவுக்கு இருக்க இடம் கிடைத்துவிடும், எங்கள் வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிடும், லைசன்சும் வந்துவிடும்.

மாமி போன பிறகு மாமா அவருடைய தலகணியைக்கூட ஒருவருக்கும் கொடுக்கவில்லை. "மாமா இன்னொரு பொம்புளய விரும்பமாட்டார் சாச்சி" என்றேன். சாச்சிக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது.

"இஞ்சப்பாரு, பொம்புளய விரும்பச் சொல்லி ஆர் சொன்ன? ஊட்ட விரும்பினாப் போதும்!"

குழி

இதில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது ஒன்று. ஒரு ஆள் அதிகம் என்று அதிகாரி சொன்னது மாமாவுக்கும் தெரியும். அந்த ஆள் தான்தான் என்பது மட்டும் தெரியாது. சொந்த மகளின் வீட்டில் தன்னையும் ஒருவர் எண்ணுவார் என்று அவருக்குக் கனவிலும் தோன்றவில்லை. போடிங்காரரில் ஒருவனைத்தான் விரட்டப் போகிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்காக அவர் கவலைப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், குசினிக்குப் பின்னால் மண்வெட்டியோடு நிற்கிறார். மூன்றாவது கக்கூசுக்குக் குழி! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேர் மண் அள்ளினார். உபுல் வாளி சுமந்தார். பைரூஸ் நாநா வேலை செய்யாமல் பிஸ்கட் பங்கிட்டார். எங்கள் கடற்கரை மண்ணில் குழி தோண்டுவது லேசு, தண்ணி வருவதும் லேசு. மாமாவின் முழங்காலுக்குத் தண்ணி வந்த நேரம் பி.எச்.ஐ.யும் வந்து சேர்ந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கிணற்றடிக்கும் குழிக்கும் நடுவே நடந்து பார்த்தார். அந்தப் பக்கம் போனால் எங்கள் கிணறு, இந்தப் பக்கம் போனால் சாச்சியின் கிணறு. "மேசன், இந்தக் கிணத்துத் தண்ணியத்தானே குடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். மாமா மண்வெட்டியைக் கரையில் போட்டார். சீமெந்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பார். இது குடிக்கிற தண்ணி.

பிறகு பைரூஸ் நாநா, "கடைசியா வந்தவன் நான், நான் போறேன்" என்றார். "நான் இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுர்றேங்க" என்றார் சேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது என் நாக்கு நுனியில் நின்றது. குழிக்குள் நின்ற மாமாவும் என்னைத்தான் பார்த்தார்.

"ஆரயும் அனுப்பாத மருமகன். போறதுக்கு ஒரு ஊடு இரிக்கிறவன் போடிங்குக்கு வருவானா?"

ஆணி

அடுத்த நாள் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ இழுத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. பல் பிடுங்குவதுபோல ஒரே இழுப்பு. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மாமா குழியைத் தனியாக மூடி முடித்திருந்தார். இப்போது ஹோலில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். லைசன்ஸ் கொடுக்க வருகிறவர்கள் அழுக்குச் சுவரைப் பார்க்கக் கூடாதாம். "மாமா, உங்களுக்கு ஒண்டு சொல்லணும்" என்றேன். "இரி, முதல்ல இதப் புடி" என்று கையில் சுத்தியலைத் தந்தார்.

லைசன்ஸ் வந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கவிட வேண்டும், அதற்கு ஆணி அடிக்க வேண்டும். சுவரில் ஓர் இடத்தைத் தட்டிப் பார்த்தார், விலகினார், இன்னோர் இடத்தைத் தட்டினார். மூன்றாம் இடம் அவருடைய சின்ன அறையின் வாசலுக்கு நேர் எதிரே. அங்கே அடித்தார். அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் படுத்து, தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் சுத்தியலோடு நின்றேன். எனக்கு வாயில் வந்தது, "ஆணி கோணலாக் கிடக்கு மாமா" என்பது மட்டும்தான். அவருக்கு அது காதில் விழவில்லை.

"இஞ்சேரிந்து நல்லாத் தெரியுது. மாமி இரிந்தா, கண்ணாடியப் போட்டுப் போட்டுப் பாத்திருப்பா."

பதினேழு

அன்றைக்கே பி.எச்.ஐ.யின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் மேசையில் பணிசும் தேத்தண்ணியும். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. "மாமாவ என்னால அனுப்ப ஏலா சேர். உங்கட லைசன்ஸ் வேணா. ஊட்டப் பூட்டுங்க, என்னமும் செய்யுங்க" என்றேன். அவர் பணிசைக் கடித்தபடியே கேட்டார், "பொறுப்பாளர் ஆர்?" "நான்." "வயசு?" "பதினேழு." கடிப்பதை நிறுத்தினார். பதினெட்டு முடியாத ஆள் பொறுப்பாளராக இருக்க ஏலாதாம். எனக்குத் தலையில் ஏறிவிட்டது. "தண்ணி மோட்டார் போடுற நான், கக்கூஸ் கழுவுற நான், உங்களுக்கு வாசல் துறக்கிற நான்! பொறுப்பாளர் இல்லாட்டி அந்த ஊட்ட நான் ஆர் சேர்?" என்று கத்தினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: நானும் தங்கியிருக்கிற ஒரு ஆள். ஒன்பது பேரில் ஒருவன்.

ஓலெவலில் என்னைக் கைவிட்ட கணிதம் அந்த இடத்தில் தானாக வந்து நின்றது. ஒன்பதில் ஒன்று போக எட்டு. அந்த ஒன்று யார் என்று சட்டத்தில் எழுதவில்லை. "அப்ப என்னக் குறைங்க சேர். பொறுப்பாளருக்கு மாமாட பேரப் போடுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வீட்டுக்குப் போயிருக்கன் தம்பி, எல்லாரும் மற்ற ஆளத்தான் குறைக்கச் சொல்லுவாங்க" என்றார். மாமாவின் கக்கூஸ் குழி மூடியாகிவிட்டதா என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு, இதற்கு உரிமையாளர் ஓம் என்று சொல்ல வேண்டும் என்றார்.

அங்கேயே நின்று மச்சிக்கு அழைத்தேன். மச்சானுக்கு இல்லை, மச்சிக்கு. விசயத்தைச் சொன்னேன். லைன் வெட்டுப்பட்டதாக நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். "பலகையில வாப்பாட பேரும் வருமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். மறுபடியும் அந்த மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"அப்ப பெரிசா எழுதச் சொல்லு."

பொறுப்பாளர்

லைசன்ஸ் அந்தக் கோணல் ஆணியில் தொங்குகிறது. வாசல் பலகையில் மேலே மச்சியின் பெயர், கீழே "பொறுப்பாளர்: மீராலெவ்வை மேசன்". கீழே இருக்கிற எழுத்துத்தான் பெரிது. பலகை எழுதினவர் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டார். மாமா இப்போது ஆள் மாறிவிட்டார். செருப்பை வரிசையாக வைக்காதவனுக்கு ஏச்சு, லைட்டை அணைக்காதவனுக்கு ஏச்சு. பைரூஸ் நாநா கேற்றடியில் காலுறையோடு சேர்த்துக் காலையும் கழுவுகிறார். நான் என் கட்டிலைக் கழற்றி, பாயைச் சுருட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போனேன். தங்கச்சியின் தையல் மெசினுக்குப் பக்கத்தில்தான் இப்போது படுக்கிறேன். விடியக்காலையில் வந்து மோட்டார் போட்டு, கக்கூஸ் கழுவி, பின்னேரம் போகிறேன். வேலை அதேதான். என் செருப்பு மட்டும் இரவில் அந்தப் படியில் கிடப்பதில்லை.

நான் ஏன் போனேன் என்று மாமா எல்லாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மதிலுக்கு அங்கால் நின்று கேட்ட சுபைதா சாச்சி, வாயில் முக்காட்டுத் தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். சத்தியத்தை அவர் காப்பாற்றிவிட்டார், அல்லாஹ் அவருக்கு நல்ல கூலி கொடுக்கட்டும். மாமா சொன்னது இதுதான்:

"பொறுப்பெண்டா லேசா? சபையே பாத்திட்டுத்தான் இவன மாத்தினது. இவனுக்கு உம்மாட ஆணமும் சோறும் வேணும், அதான் ஓடுறான்!"

மச்சானின் குரல் பதிவு இன்னும் என் போனில் கிடக்கிறது: "மாமாக்கிட்ட சொன்னயா, இல்லயா?" பதில் போடவில்லை. மாமா இப்படியான எழுத்துகளை வாசிக்கிற ஆள் இல்லை என்ற துணிவில் உங்களிடம் சொல்கிறேன்: எல்லார் முகத்துக்கும் நேரே சொல்லிவிடுகிறவன் என்று பெயரெடுத்த நான், இந்தப் போடிங் தொழிலில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டதுதான்.